எல்மினா சித்திக்கு வைத்த தட்டு

பெட்டிட் மார்ட்டினிக்
பிப்ரவரி 3, 1986

அன்புள்ள தம்பி காஸ்னெலுக்கு,

உன் அம்மா இறந்த செய்தியை நீதான் எனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கடைசியில் சித்தியே வந்து சொல்லும்படி ஆகிவிட்டது. துக்கத்தில் இருப்பவனிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போதும் கோபம் குறையவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். எல்மினா சித்தி என் கொல்லைக் கதவருகே நின்றாள். பஞ்சு வைத்துத் தைத்த நீல அங்கி, காலில் கம்பளிச் செருப்பு. இந்த வெயிலில் யார் அதைப் போடுவார்கள்? "ஸெப்ரின், பசிக்குதுடி. ஒரு வாய் சோளக்களி போட அங்க ஆள் இல்ல" என்றாள். உள்ளே வரச் சொல்வதற்குள் விழித்துக்கொண்டேன்.

நீ ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவன். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். கனவில் வந்து சாப்பாடு கேட்பவர்கள் இறந்தவர்கள். உயிரோடு இருப்பவர்கள் கேட்பதில்லை, எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள். கேட்ட பிறகு போடாமல் இருந்தால் அந்த வீட்டுக்கு நல்லது நடக்காது.

அதனால் நீ செய்ய வேண்டியதை நான் செய்தேன். போன வெள்ளிக்கிழமை ஓர் ஆடு அடித்தோம். சேவல், பச்சைத் துவரை, உருட்டிய சோறு, சோளக்களி, எல்லாம் முறைப்படி உப்பில்லாமல். பக்கத்துத் தீவு கரியாக்கூவிலிருந்து மேளக்காரர் யூரியஸ் தன் ஆட்களோடும் மேளங்களோடும் படகில் வந்து இறங்கினார். முன்னறையில் வெள்ளைத் துணி விரித்துச் சித்திக்குத் தட்டு வைத்தேன். பக்கத்தில் ஒரு குவளை விஸ்கி. அது எந்தத் தீவிலிருந்து எப்படி வந்தது என்று கேட்காதே. வாசலில் தண்ணீரும் ரம்மும் தெளித்து, "எல்மினா, வந்து சாப்பிடு" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். விடிந்து பார்த்தால் களியில் மூன்று விரல் வைத்து எடுத்த பள்ளம் இருந்தது. எல்லோரும் பார்த்தோம். சிலர் அழுதார்கள்.

எந்தத் தேதியில் இறந்தாள் என்று எழுது. நினைவுக் கல் வெட்டுகிறவர் அவள் பெயரைப் பொறித்துவிட்டார். தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

உன் பெரியம்மா மகள்,
ஸெப்ரின்

•

ஹடர்ஸ்ஃபீல்ட்
பிப்ரவரி 25, 1986

ஸெப்ரின் அக்காவுக்கு,

அம்மா உயிரோடு இருக்கிறாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. இந்த நிமிடம் பக்கத்து அறையில் டிவியில் ஸ்னூக்கர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிவப்புப் பந்தைக் கோட்டைவிட்டவனைத் திட்டும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

உங்கள் கடிதம் வந்தபோது நான் பஸ் டிப்போவில் இருந்தேன். தபால்தலையைப் பார்த்ததும் அம்மா, "ஊர்க் கடுதாசி, படி" என்று மெர்லிடம் கொடுத்திருக்கிறாள். என் மனைவிக்கு உங்கள் ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. முதல் வரியைப் படித்துவிட்டு நிறுத்தியவளை அம்மா விடவில்லை. முழுவதையும் படிக்க வைத்திருக்கிறாள்.

முதலில் சிரித்தாளாம். "எத்தனை ஆடு அடிச்சாளாம்?"

"ஒண்ணுன்னு எழுதியிருக்கு அத்தை."

"ஒண்ணுதானா? நான் அவ்வளவுதானா?"

நான் வீடு திரும்பியபோதும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "வேணாம்டா. அங்க வச்சாச்சுல்ல" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதையேதான் சொன்னாள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. அந்த நீல அங்கியைக் கிறிஸ்துமஸுக்கு மெர்ல் வாங்கிக் கொடுத்தாள். கம்பளிச் செருப்பும் அம்மாவிடம் இருக்கிறது. இதைப் பற்றி நான் உங்களுக்கு எழுதினேனா? எழுதியதாக நினைவில்லை. ஒருவேளை எழுதியிருப்பேன். அப்படி என்றால் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிடும். பழைய கடிதங்களைத் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கல் வெட்டுகிறவரை நிறுத்தச் சொல்லுங்கள்.

காஸ்னெல்

•

பெட்டிட் மார்ட்டினிக்
மார்ச் 20, 1986

தம்பி காஸ்னெல்,

உன் கடிதத்தைக் கடை நடுவில் நின்று படித்தேன். "உயிரோடு இருக்கிறாள்" என்ற இடத்தில் வாய்விட்டுக் கத்திவிட்டேன் போலிருக்கிறது. மாவு வாங்க வந்த பெர்ட்டினா என்னவென்று கேட்டாள். சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். அன்று மாலையே தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது யார் தும்மினாலும் என்னைப் பார்த்துவிட்டு, "ஸெப்ரின், எனக்கு வெறும் ஜலதோஷம்தான். தட்டு கிட்டு வச்சிராத" என்கிறார்கள்.

சிரிக்கட்டும். நான் பார்த்தது சித்தியைத்தான். பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். அங்கியைப் பற்றி நீ எழுதவில்லை. கடைசி இரண்டு கடிதத்தில் மழையைப் பற்றியும் உன் முழங்காலைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறாய்.

வைத்த தட்டை எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். கரியாக்கூ போய் யூரியஸிடம் கேட்டேன். "மேளம் அடிச்சது அடிச்சதுதாம்மா. திருப்பி அடிக்கிற மேளம் எங்கிட்ட இல்ல" என்றார். பாதிரியார், "இதுக்கெல்லாம் என்னைக் கேக்காத, வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணு" என்றார். பெர்ட்டினாவின் மாமியார், இன்னொரு ஆடு அடித்து வேறு யார் பெயரையாவது சொல்லிவிட்டால் முதல் தட்டு அவர்கள் கணக்கில் போய்விடும் என்கிறாள். வேறு யார் பெயரை என்றால், "உனக்குப் பிடிக்காதவங்க பேரு" என்கிறாள். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சித்தி உயிரோடு இருக்கிறாள் என்றால் அந்தக் களியைத் தொட்டது யார்? பூனை என்கிறான் படகுக்காரன் கிளெஸ்டன். பூனைக்கு ஏது மூன்று விரல்?

கல்லைக் கோணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அவள் சாப்பிடுகிறாளா? அதை மட்டும் உடனே எழுது.

ஸெப்ரின்

•

ஹடர்ஸ்ஃபீல்ட்
ஏப்ரல் 14, 1986

அக்கா,

சாப்பிடவில்லை. டீ குடிக்கிறாள். பிஸ்கட்டை நனைத்துப் பாதியைத் தின்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மெர்ல் கோழி வறுத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். டாக்டர் ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். இந்த வயதில் சிலருக்குப் பசி நின்றுவிடும் என்றார். பசி நிற்கவில்லை என்று அம்மாவே அவரிடம் சொன்னாள். "பசிக்குது டாக்டர். ரெண்டு வீட்டுச் சாப்பாடு ஒரு வயித்துக்கு ஆகாது, அதான்." அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நேற்று நேராகவே கேட்டுவிட்டேன். "நீ உயிரோடதானே இருக்க? அப்புறம் அவங்க வச்சது எப்படி உன் தட்டாகும்?"

"என் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டாங்க? நான்தானே போய்க் கேட்டேன்?"

"நீ எங்க போன?"

ஜனவரியில் ஒரு சாயங்காலம், உங்களுக்கு அது மத்தியானம், கேஸ் கணப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாளாம். பசியோடு தூங்கினாளாம். மெர்ல் வைத்துவிட்டுப் போன ரொட்டியைத் தொடவில்லையாம். "ஸெப்ரின் வீட்டுக் கொல்லைப் பக்கமா போனேன். கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கா. நம்பலன்னா எழுதிக் கேளு" என்றாள்.

எழுதிக் கேட்கிறேன். உங்கள் கதவு என்ன நிறம்?

இத்தனை வருஷம் பஸ் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்தவன் நான். இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் ஒருவர் மற்றவரிடம் கேட்டிருப்பார் என்றுதான் முதலில் எழுதுவோம். இதில் யார் யாரிடம் கேட்டார்கள் என்று என்னால் எழுத முடியவில்லை. அம்மாவின் கழுத்தில் எப்போதும் கிடக்கும் சிலுவைச் சங்கிலி இப்போது தளர்ந்து மார்பு வரை தொங்குகிறது. அது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஜூனில் அவளை அங்கே அழைத்துவரலாமா என்று யோசிக்கிறேன். டாக்டர் வேண்டாம் என்கிறார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் இறக்கச் சொன்னாள்.

காஸ்னெல்

•

பெட்டிட் மார்ட்டினிக்
மே 6, 1986

தம்பி,

கதவு பச்சைதான். ஆனால் நான் பெயிண்ட் அடித்தது மார்ச் மாதம். ஜனவரியில் அது வெறும் மரமாகத்தான் இருந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் அந்தக் கதவைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். அவள் வரவில்லை என்று எடுத்துக்கொள்வதா, வரப்போகிறாள் என்று எடுத்துக்கொள்வதா?

அழைத்து வராதே. நான் யாருக்காக வாய்விட்டு அழுதேனோ அவளுக்கு எதிரில் உட்கார்ந்து எப்படி டீ ஊற்றிக் கொடுப்பேன்? முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? தெருவே கூடி வந்து அவளை உற்றுப் பார்க்கும். வேண்டாம்.

இதை எழுதி ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். பசிக்கிறது என்று சொன்னாளே, காஸ்னெல். கனவோ என்னவோ, என் காதில்தான் சொன்னாள். அழைத்து வா.

ஸெப்ரின்

•

விண்ட்வர்ட், கரியாக்கூ
ஜூன் 9, 1986

அக்கா,

சனிக்கிழமை வந்து சேர்ந்தோம். பார்படோஸில் ஒரு ராத்திரி தங்க வேண்டியதாயிற்று. அம்மாவின் பழைய சிநேகிதி ஐடலினின் வீட்டு மேல்மாடியில் இருக்கிறோம். நீங்கள் இறங்குதுறைக்கு வருவீர்கள் என்று பார்த்தேன். வரவில்லை.

உங்கள் தீவு இங்கிருந்து கையால் மறைத்துவிடலாம் போலத் தெரிகிறது. மூன்று மைல் தண்ணீர். உங்கள் கடையின் தகரக் கூரையை அம்மாதான் எனக்குக் காட்டினாள். வராந்தாவில் நாற்காலியைப் போட்டு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். கிளெஸ்டன் படகைக் கொண்டுவந்து நிறுத்தி, "வாங்கம்மா, போலாம்" என்றான். அவள் அசையவில்லை.

"அங்க நான் செத்தவ. போய் இறங்குனா அதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"அப்ப இங்க?" என்றேன்.

"இங்க இன்னும் முடிவாகல."

இதற்காகவா கடல் தாண்டி வந்தோம் என்று எனக்குக் கோபம் வந்தது. எதிர்வீட்டுக்கு முன்னால் பாதி கட்டிய படகு ஒன்று நிற்கிறது. காலையில் சுத்தியல் சத்தம் கேட்கும், உச்சி வெயிலில் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஆட்டுக் குரல் தவிர ஒன்றுமில்லை. ஹடர்ஸ்ஃபீல்டில் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. இங்கே வேறு எதற்கும் வழியில்லை. நான் பிறந்தது எந்தப் பக்கம் என்று கேட்டால்கூட இப்போது தடுமாறுவேன்.

அம்மா நேற்று இளநீர் குடித்தாள். ஒரு மாம்பழத்தில் பாதி. அவ்வளவுதான். மாடிப்படி ஏறும்போது நான் தூக்கினேன், கனமே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் அங்கே வரமாட்டாள். நீங்கள் இங்கே வாருங்கள்.

காஸ்னெல்

•

பெட்டிட் மார்ட்டினிக்
ஜூன் 10, 1986

தம்பி,

நேற்றும் இன்றும் எங்கள் துறைக்குப் போனேன். இன்று ஒரு காலைப் படகில் வைத்தேன், இன்னொரு கால் கரையைவிட்டு வரவில்லை. "ஏறப்போறியா, இல்ல படகுக்கு ஆசீர்வாதம் பண்றியா?" என்றான் கிளெஸ்டன். துறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இறங்கிவிட்டேன்.

நான் என்ன சொல்வது அவளிடம்? மன்னித்துக்கொள் என்றா? கேட்டது அவள், நான் போட்டேன். நான் தப்பு செய்யவில்லை என்றா? வற்றிப்போயிருக்கிறாள் என்று நீயே எழுதுகிறாய். உன் அம்மா அந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பது எனக்கும் தெரிகிறது. வெள்ளையாக ஏதோ ஒன்று. அது அவள்தான் என்று தெரிந்தும், பார்த்தால் முதுகு சில்லிடுகிறது.

இதோடு ஒரு பானை அனுப்புகிறேன். சோளக்களியும் மீன் குழம்பும். உப்பு போட்டிருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களுக்குச் சமைப்பதுபோலத்தான் சமைத்தேன் என்று அவளிடம் சொல். அவசரத்தில்தான் கிளறினேன். படகு போய்விடும் என்று கிளெஸ்டன் கீழே கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

ஸெப்ரின்

•

விண்ட்வர்ட்
ஜூன் 11, 1986

அக்கா,

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அர்த்தம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

நேற்றுப் பானை வந்தது. மூடியைத் திறந்து அம்மா முன்னால் வைத்தேன். உப்பு போட்டதையும் சொன்னேன். அவள் சாப்பிடவில்லை. ஒரு விரலால் களியை அமுக்கிப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து ஐடலின் ஓடி வந்துவிட்டார்.

"கட்டி கட்டியா இருக்கு!" என்றாள் அம்மா. "இதைத்தான் என் பேரைச் சொல்லி வச்சாளா? செத்தவங்களுக்கு நாக்கு கிடையாதுன்னு நெனச்சாளா?"

"அவசரத்துல பண்ணியிருப்பாங்கம்மா" என்றேன்.

"அவ அம்மா யூலாலியும் இப்படித்தான். கையில பலம் இருக்கும், பொறுமை இருக்காது. ஐடலின், உங்க வீட்ல சோளமாவு இருக்கா? அடி கனமான பானை? கிளறுற கட்டை?"

கீழே கொல்லை அடுப்பில் உட்கார்ந்து அவளே கிளறினாள். என்னைத் தொடவிடவில்லை. இரண்டு முறை கை சோர்ந்து நிறுத்தினாள். ஐடலின் கட்டையை வாங்கப் பார்த்தார். "இன்னும் ரெண்டு சுத்துதான், விடு" என்றாள். பானையோரத்தில் களி ஒட்டாமல் சுருண்டு வந்த பிறகுதான் எழுந்தாள். அவள் நெற்றியில் வேர்வையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு யாரும் கேட்காமலே ஒரு தட்டை எடுத்துக் களியைக் கவிழ்த்தாள். முன்னறை மேசையில் வைத்தாள். வாசலில் தண்ணீர் தெளித்தாள். தன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பாவை. யூலாலி பெரியம்மாவை. கடலில் போன தம்பியை. ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். வந்து சாப்பிடுங்கள், எல்மினா கிளறியது, கட்டி இல்லை என்றாள்.

ஐடலின் கதவோரம் நின்றபடி, "தட்டு வைக்கிறவங்க செத்தவங்களா இருக்க முடியாதுல்ல?" என்றார்.

அம்மா திரும்பவில்லை. "நீ சும்மா இருடி" என்றாள். ஆனால் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் நிற்பது தான்தான் என்று அப்போதுதான் தெரிந்ததா, முதலிலேயே தெரிந்துதான் கீழே இறங்கினாளா? நான் கேட்கவில்லை. கேட்டாலும் உண்மையைச் சொல்ல மாட்டாள்.

அதன் பிறகு கொல்லைக்குப் போனாள். பானையில் மிச்சம் இருந்ததில் கையை விட்டு, நின்றபடியே சாப்பிட்டாள். மீன் குழம்பு எங்கே என்று கேட்டாள். உங்கள் குழம்பைத்தான் ஊற்றிக்கொண்டாள். "குழம்பு பரவால்ல" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்று காலையிலும் சாப்பிட்டாள். எனக்கு வைத்த வறுத்த பலாக்காயையும் எடுத்துக்கொண்டாள்.

இங்கேயே கடிதத்தை முடித்திருப்பேன். ஒன்றை விட்டுவிட்டேன். எழுதலாமா என்று ராத்திரியிலிருந்து யோசிக்கிறேன். கூப்பிட்ட பெயர்களில் கடைசியாக ஒன்று இருந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன உருண்டையைத் தனியாக வைத்தாள். "ஸெப்ரின், நீயும் வந்து சாப்பிடு" என்றாள்.

நான் பதறிப்போனேன். "அம்மா, அக்கா உயிரோட இருக்காங்க!"

"தெரியும்டா. எப்படி இருக்குதுன்னு அவளும் பாக்கட்டுமே."

காஸ்னெல்

•

பெட்டிட் மார்ட்டினிக்
ஜூன் 11, 1986, சாயங்காலம்

காஸ்னெல்,

கிளெஸ்டன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் கடை வாசலிலேயே நிற்கிறான். ஐடலின் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "இப்ப உன்னை என்னன்னு கூப்பிடறது ஸெப்ரின்? முன்னாடி 'காலஞ்சென்ற' சேக்கணுமா?" என்கிறான். பெர்ட்டினா மாவுப் பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் தராசுத் தட்டைத் தூக்கிவிட்டேன்.

உயிரோடு இருக்கிறவளுக்குத் தட்டு வைக்கும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று அவளைக் கேள். வேண்டாம், கேட்காதே. என்ன பதில் வரும் என்று தெரியும்.

சாப்பிட்டாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு நானும் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தேன். ரொட்டியும் மீனும் எடுத்து வைத்தேன். வாய்க்குக் கொண்டுபோனால் உள்ளே இறங்கவில்லை, காஸ்னெல். இதெல்லாம் மனசுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போதும் இறங்கவில்லை. நேற்றைக்கே அங்கே எனக்கு வைத்தாயிற்றே என்று தோன்றுகிறது. இந்த நான்கு மாதம் அந்தக் கிழவி எப்படித்தான் இருந்தாள்?

அந்த உருண்டையை யாராவது எடுத்துத் தின்றிருந்தால் இன்னொன்று கிளறி வைக்கச் சொல். நாளைக் காலை முதல் படகில் வருகிறேன். இரண்டு காலையும் வைத்து ஏறுவேன். கிளெஸ்டன் என்ன சொன்னாலும் சரி.

துறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. என்னைத் தொட்டுப் பார்க்காமல் அவள் நம்பப்போவதில்லை. அவளைத் தொட்டுப் பார்க்காமல் நானும் நம்பப்போவதில்லை. யார் முதலில் என்று அங்கேயே நின்று சண்டை போட்டுக்கொள்கிறோம்.

ஸெப்ரின்